கனடாவில் இருக்கும் கூந்தல்

மெட்ரோவில் பக்கத்து இருக்கைப் பெரியவர் மூக்கைச் சுளித்துக்கொண்டு எழுந்து, கதவோரம் போய் நின்றுகொண்டார். சோல்மி தன் கம்பளித் தொப்பியைக் காது மறைய இழுத்துவிட்டுக்கொண்டாள். வெங்காயச் சாறு. விடிந்ததும் ஷாம்பு போட்டு அலசியிருந்தாள், அதற்கு மேல் பச்சைத் தேயிலைத் தண்ணீரும் ஊற்றியிருந்தாள். ஆனால் பெட்டிக்குள் ஹீட்டர் சூடு ஏறியதும் அடங்கிக் கிடந்த வெங்காயம் எழுந்து உட்கார்ந்துகொண்டது. எதிரே நின்ற பள்ளிப் பெண்கள் இருவர் ஒருவர் சாப்பாட்டுப் பையை ஒருவர் முகர்ந்து பார்த்துச் சிரித்தார்கள். அவளும் யாரோ சாப்பாடு கொண்டுவந்திருக்கிறார்கள் என்பதுபோல அக்கம்பக்கம் பார்த்து வைத்தாள். இருபத்தேழு வயதில் அவள் கற்றிருந்த நடிப்புகளில் இது புதியது.

முதலில் சொன்னது சலூன்காரப் பெண்தான். முடியைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியில் சோல்மியின் கண்ணைப் பார்க்காமல், "அக்கா, இங்க கொஞ்சம் காத்தோட்டமா இருக்கு" என்றாள். நாசூக்கான பெண். அன்றிலிருந்து சோல்மி அந்த சலூனுக்குப் போகவில்லை. குளியலறை வடிகாலில் சேரும் முடியை எடுத்துக் காகிதத்தில் சுருட்டி, பழத்தோலுக்கு அடியில் வைத்துக் குப்பையில் போடப் பழகினாள். இணையத்தில் சொன்னதையெல்லாம் செய்தாள். இஞ்சியை வட்டமாக நறுக்கி உச்சியில் தேய்த்தாள், எரிந்தது. முட்டை மஞ்சள் கருவைப் பூசிவிட்டு வெந்நீரை ஊற்றினாள். தலையிலேயே வெந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சீப்பால் சுரண்டி எடுத்தாள். மல்பெரி வேர்ப்பட்டையை வேகவைத்ததில் சமையலறையே மாட்டுத் தொழுவம்போல ஆயிற்று. காப்பீட்டு நிறுவனத்தில் தொலைபேசியில் பேசும் வேலை. குரல் மட்டும் போதும் என்கிற அந்த வேலையை அவள் இப்போதுதான் நேசிக்க ஆரம்பித்திருந்தாள்.

இத்தனைக்கும் அவள் அம்மா மால்சூன் விற்பதே முடி வளர்க்கும் தானியம்தான். சியோலின் பழைய மருந்துச் சந்தையில், ஜின்செங் கடைகளைத் தாண்டித் திரும்பினால் தானியக்காரர்கள் வரிசை. அங்கே 'சோல்மி அம்மா கடை' என்றால் எல்லாருக்கும் தெரியும். கறுப்பு சோயா, கறுப்பு எள், இரண்டையும் வறுத்து அரைத்த மாவு. கடை நெற்றியில் ஆளுயரப் பலகை. அதில் பத்தொன்பது வயது சோல்மி, முதுகைக் காட்டி நின்று முகத்தைப் பாதி திருப்பிச் சிரிக்கிறாள். முதுகு தெரியாது, இடுப்புக்குக் கீழேவரை முடிதான் தெரியும். கீழே கொட்டை எழுத்தில், 'எங்கள் வீட்டுப் பிள்ளை தின்று வளர்ந்தது.' எந்தக் கை பணப்பைக்குப் போகும், எந்தக் கை பயறை அளைந்துவிட்டு அடுத்த கடைக்குப் போகும் என்று மால்சூனுக்குத் தூரத்திலிருந்தே தெரியும். போகிற கையைத் திருப்புவதற்குத்தான் அந்தப் பலகை. முன்பெல்லாம் பலகை போதாது என்றால் பெண்ணையே கூப்பிட்டுத் திருப்பி நிறுத்துவாள். "இழுத்துப் பாருங்கக்கா! நல்லா இழுங்க, ஒண்ணு வந்தா காசே வேணாம்!" சோல்மி அப்போது கூச்சப்பட்டது வேறு மாதிரி.

புத்தாண்டுக்கு முந்தைய சனிக்கிழமை, கூட்டம் தாங்காது என்று அம்மா அழைத்ததால் வந்திருந்தாள். வறுக்கும் எந்திரத்தின் பக்கத்தில் நின்று எள்ளைப் பையில் கட்டிக்கொண்டிருந்தாள். அனலில் வியர்த்து ஊற்றியது. சாக்குகளுக்குப் பின்னால் யார் பார்க்கப்போகிறார்கள் என்று தொப்பியைக் கழற்றி வைத்தாள்.

பழுப்புக் கோட்டு போட்ட ஒரு அம்மாள் கடை முன்னால் வந்து நின்றாள். பயறைத் தொடவில்லை. விலை கேட்கவில்லை. அண்ணாந்து பலகையையே பார்த்தாள்.

"இந்தப் பொண்ணு யாரு?"

"நம்ம வீட்டுப் பிள்ளைதாங்க்கா" என்று ஆரம்பித்த மால்சூன் அந்த அம்மாளின் பார்வை போன வழியைப் பார்த்தாள். பலகையிலிருந்து அது இறங்கி, எள் மூட்டைமேல் குனிந்திருந்த தலைக்கு வந்து, வகிட்டில் நின்றுவிட்டது. எந்திரத்துக்கு மேலே தொங்கிய பல்பு வெளிச்சம் நேராக அங்கேதான் விழுந்தது.

"எங்கக்கா மக. இப்போ கனடாவுல இருக்கா."

"அப்ப இந்தப் பொண்ணு?"

"இதுவா? சீசனுக்கு உதவிக்கு வர்ற பொண்ணு."

சோல்மி முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த பையை அவிழ்த்து மறுபடி முடிச்சுப் போட்டாள்.

"கடையிலயே நிக்குது, இதெல்லாம் சாப்பிடறதில்லையா?"

"எங்க சாப்பிடுதுங்க, சொன்னாக் கேக்குதுங்களா! அரை மணிக்கொரு காப்பி, ராத்திரி பூரா போனு. இந்தக் காலத்துப் பிள்ளைங்க." மால்சூன் சிரித்துக்கொண்டே பயறை அளந்தாள், கேட்காமலே இரண்டு பிடி கொசுறும் அள்ளிப் போட்டாள். கேட்காமல் கொசுறு போடுகிறவள் இல்லை அவள். அந்த அம்மாள் பையை வாங்கிக்கொண்டு, சோல்மியின் முகத்தை இன்னொரு தரம் நன்றாகப் பார்த்துவிட்டுப் போனாள்.

எந்திரம் சுற்றிக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து மால்சூன், எதிர்க்கடைப் பேரீச்சைக்காரனிடம் சொல்வதுபோல, "வாய் தானா சொல்லிடுச்சுடி. வியாபாரம்" என்றாள்.

சோல்மி தொப்பியைப் போட்டுக்கொண்டாள். வியர்வையோடு போட்டதால் அது ஈரத்துணிபோல ஒட்டியது. அம்மாமேல் கோபம் வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. அவளும்தான் ஒரு வருஷமாகத் தன் தலையை யாருடையதோபோல மறைத்து வைத்திருக்கிறாள். அம்மா அதற்கு ஒரு ஊர் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டாள், அவ்வளவுதான். கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் கிதே கூப்பிட்டான். வசந்தத்தில் கல்யாணம் வைக்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறவன். அவனை எப்போதும் தொப்பியோடுதான் சந்தித்திருக்கிறாள். அவன் அதை ஸ்டைல் என்று நினைத்து, பிறந்தநாளுக்கும் ஒரு தொப்பி வாங்கிக் கொடுத்திருந்தான்.

"எங்கம்மா உங்க சந்தைக்கு வந்திருந்தாங்களாம். நான் வேணாம்னுதான் சொன்னேன். சும்மா தூரத்துல நின்னு பாத்துட்டு வரேன்னு போயிட்டாங்க."

சோல்மி குறுக்கிட்டாள். "பழுப்புக் கோட்டா?"

"ஆமா. எப்படித் தெரியும்?"

"மேல சொல்லு" என்றாள்.

"அவங்களுக்கு ஒரே குழப்பம், சோல்மி. படத்துல இருக்கறது கனடாவுல இருக்கற அக்கா பொண்ணுன்னு உங்கம்மா சொன்னாங்களாம். ஆனா உள்ள வேலை செஞ்ச பொண்ணுக்கு உன் போட்டோவுல இருக்கற மாதிரியே கன்னத்துல மச்சமாம். 'பெத்த பொண்ணைக் கூலியாள்னு சொல்ற வீட்டுல வேற என்னடா இருக்கு'ன்னு ராத்திரி பூரா கேட்டுட்டிருக்காங்க. நான் என்ன சொல்லட்டும்?"

கடனா, பழைய கல்யாணமா, போலீஸ் வழக்கா என்று அந்த வீட்டில் என்னவெல்லாம் அலசியிருப்பார்கள் என்பது அவளுக்குத் தெரிந்தது. அதில் ஏதாவது ஒன்றுக்குத் தலையாட்டிவிடலாம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. எதுவானாலும் இதைவிடக் கௌரவம்.

"அந்தப் படமும் நான்தான். உள்ள நின்னதும் நான்தான்" என்றாள். "முடி போயிடுச்சு."



"எவ்வளவு?" என்றான்.

சந்தையில் பிறந்து வளர்ந்தவளுக்கு அந்தக் கேள்வியின் ஓசை நன்றாகத் தெரியும். எடுப்பதா வைப்பதா என்று தெரியாதவன் கேட்பது. அவனுக்கும் அது காதில் விழுந்திருக்க வேண்டும். "இல்ல, நான் அப்படிக் கேக்கல..." என்று இழுத்தான்.

"எப்படிக் கேட்டாலும் கேள்வி அதுதானே. வந்து காட்டறேன்."

"அம்மா புத்தாண்டுக்கு உன்னை வரச் சொல்றாங்க. நம்ம பழைய உடுப்பு, ஹான்போக் கட்டிக்கிட்டு முறையா வந்து வணங்கட்டும், மத்ததை நேர்ல பாத்துப் பேசிக்கலாம்னாங்க." கொஞ்சம் நிறுத்தி, "தொப்பி..." என்றான்.

"ஹான்போக்குக்கு யாராவது கம்பளித் தொப்பி போடுவாங்களா?"

அவன் சிரிக்க முயன்றான். அவளுக்கு அவன்மேல் இரக்கமாக இருந்தது, அதுவும் பிடிக்கவில்லை.

புத்தாண்டுக் காலையில் மால்சூன் கடைக்குப் போகவில்லை. சோல்மியைக் கண்ணாடி முன் உட்காரவைத்துப் பின்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள். ஹான்போக்குக்கு முடியை நடுவகிடு எடுத்துப் படிய வாரிப் பின்கழுத்தில் முடிவதுதான் முறை. பக்கவகிடு, ஒதுக்கிவிடுவது, எதற்கும் அங்கே இடமில்லை. மால்சூன் சீப்பின் நுனியை நெற்றியில் வைத்துக் கோடு இழுத்தாள். உச்சிக்குப் போகப் போகக் கோடு அகன்று, அதற்கப்புறம் கோடு என்று சொல்ல எதுவும் இல்லாமல் போயிற்று. அவளிடம் வறுத்த எள்ளை மைபோல அரைத்த பொடி ஒரு கிண்ணம் தயாராக இருந்தது. பவுடர் பஞ்சால் ஒற்றி எடுத்தாள்.

"இதைக் கொஞ்சம் தட்டிவிடறேன். தூரத்துல இருந்து பாத்தா ஒண்ணும் தெரியாது."

"வணங்கறப்ப தூரத்துலயாம்மா இருப்பேன்? அவங்க முழங்காலுக்கு முன்னாடி என் தலை இருக்கும்."

"அப்ப முழுசா குனியாத. பாதி குனிஞ்சு எழுந்துடு. முழங்கால் வலின்னு சொல்லு. நான் வேணா போன் பண்ணி, நேத்து சந்தையில சறுக்கி விழுந்துட்டான்னு சொல்லட்டுமா?"

"பாதி விலைக்கு முடிச்சுக் குடுக்கறீங்களா? எப்பவும் அவங்க முதல்ல கேக்கணும், அப்புறம்தான் நீங்க இறங்குவீங்க."

"உன் நல்லதுக்குத்தான்டி சொல்றேன்!"

"அப்ப ஒண்ணு பண்ணுங்க. போன் பண்ணி, கனடாவுல இருந்து எங்க பொண்ணு வந்துட்டான்னு சொல்லுங்க."

பஞ்சு பிடித்த கை உச்சிக்கு மேலேயே நின்றுவிட்டது. கண்ணாடியில் சோல்மி அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை, அந்தக் கையைத்தான் பார்த்தாள். விரல் நுனிகள் எள்ளில் கறுத்திருந்தன. நகக்கண்களில் பல வருஷத்துக் கறுப்பு. மால்சூன் பஞ்சைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு ஈரத்துணியை எடுத்தாள். வகிட்டில் ஏற்கெனவே விழுந்திருந்த பொடியைத் துடைத்தாள். மெதுவாக, வெகுநேரம், பொடியெல்லாம் போன பிறகும் துடைத்துக்கொண்டிருந்தாள். சோல்மியின் தலையில் அம்மாவின் கை இத்தனை நேரம் இருந்து வருஷங்கள் ஆகியிருந்தன. மருந்து தேய்ப்பதற்குக்கூட சோல்மி கதவைத் தாழ் போட்டுக்கொண்டுதான் தேய்ப்பாள்.

"குளிருதா?" என்றாள் மால்சூன்.

"இல்ல."

 வாசலில், கிதே வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டிய பழப்பெட்டியைத் துணியில் கட்டும்போது மால்சூன், "போய் விழுந்து வணங்கு. முழுசா" என்றாள், சோல்மியின் செருப்பைப் பார்த்துக்கொண்டு.

கிதே வீட்டுக் கூடத்தில், அடியில் சூடு ஓடும் தரை வெதுவெதுப்பாக இருந்தது. அவன் அப்பா பெரிய மெத்தையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அந்த அம்மாள். இன்று பழுப்புக் கோட்டு இல்லை, சாம்பல் நிற ஹான்போக். சுவரோரம் கிதே நின்றான். சோல்மி உள்ளே வந்தபோது அவன் பார்த்தான், பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தான், தரையைப் பார்த்தது தப்பு என்று உணர்ந்து மறுபடி பார்த்தான். அதற்குள் அவன் காதுகள் சிவந்துவிட்டன.

"வாம்மா" என்றார் அப்பா.

அந்த அம்மாளின் பார்வை நேரே வகிட்டுக்குப் போயிற்று.

சோல்மி வலது கையை இடது கைமேல் வைத்துப் புருவத்துக்கு நேரே உயர்த்தினாள்.  முழங்காலை மடக்கி, உட்கார்ந்து, மெல்லக் குனிந்தாள். பாதியில் ஒரு இடம் வந்தது. இங்கே நின்றால் யாரும் தப்புச் சொல்லமாட்டார்கள் என்று உடம்பு சொன்னது. அதைத் தாண்டிக் குனிந்தாள். தரையின் சூடு முகத்தில் அடித்தது. ஜன்னல் வெயில் தலை உச்சியில் நேராக விழுவதை அவளால் தோலில் உணர முடிந்தது. அங்கே தடுப்பதற்கு எதுவும் இல்லையே.

"போதும், எழுந்திரும்மா" என்றார் அப்பா, கொஞ்சம் அவசரமாக.

அவள் எழுந்திருக்கவில்லை. நன்றாகப் பார்த்துக்கொள்ளட்டும். எடைக்கல், தராசு, எல்லாம் அவர்களுடையது. காதுமடல்களும் கழுத்தும் எரிந்தன. வெட்கம் இவ்வளவு சூடாக இருக்கும் என்றால் பனிக்காலத்தை இதை வைத்தே ஓட்டிவிடலாம். மேலே பட்டுத்துணி சரசரத்தது. அந்த அம்மாள் முன்னால் சாய்கிறாளா, எழுந்து போகிறாளா, சோல்மிக்குத் தெரியவில்லை. உட்கார்ந்தபோது காற்றை அள்ளிக்கொண்டு கூடாரம்போல உப்பியிருந்த அவளுடைய சிவப்புப் பாவாடை, அவளைச் சுற்றி, சிறிது சிறிதாக, ஓசையில்லாமல் அடங்கிக்கொண்டிருந்தது.