உயிரோடு இருக்கும் உயிருள்ள கிடாய்

கோப்பாய்த் தபாற்கந்தோரில் தந்தி வாங்கியே தலை நரைத்தவர் தியாகலிங்கம். சனம் எழுதிக் கொண்டுவரும் தந்தியில் ஒரு சொல் கூடினாலும் வெட்டித்தான் அனுப்புவார். ஓய்வு பெற்ற பிறகு வெட்டுவதற்குத் தந்தி இல்லை. வாசிகசாலைப் பத்திரிகைதான் அகப்பட்டது. அதிலும் ஆடு, மாடு, கோழி பற்றிய செய்தி என்றால் மனுசனுக்கு விரதம் முடித்துச் சாப்பிடுகிற மாதிரி.

அந்தச் செய்திகளை எழுதி அனுப்புகிற நிருபர் நமசிவாயம் அதே ஊர்க்காரன். பாவம், அதே வாசிகசாலைக்குத்தான் அவனும் வரவேண்டும். ‘ஆண் சேவல் கூவியதால் அயலவர் கைகலப்பு’ என்று வந்த அன்று, பெண் சேவல் கூவியிருந்தால் சமாதானமாகப் போயிருப்பார்களோ என்று தியாகலிங்கம் எல்லோர் முன்னாலும் கேட்டார். ‘இறந்த மாட்டின் உயிரற்ற சடலம்’ வந்த அன்று முழுப் பகலும் அதே கதைதான். நமசிவாயம் பத்திரிகையை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடிப்பான். காது மட்டும் சிவக்கும்.

இப்படியிருக்க, ஊர்க் கோவில்களில் கிடாய் வெட்டுகிற வேள்வி மாதத்தில் தியாகலிங்கத்தின் கிடாய் காணாமற் போயிற்று. வேள்விக்கு நேர்ந்த கிடாய் அல்ல அது. தாய் செத்துப்போக, போத்தலில் பால் கொடுத்து, பிலாவிலை ஊட்டி, பிள்ளையில்லாத வீட்டில் பிள்ளையாக வளர்ந்தது. அந்த மாதத்தில் கொழுத்த கிடாய் தனியே தெருவில் இறங்கினால் எங்கே போய் முடியும் என்பது ஊருக்கே தெரியும். மனைவி ஞானாம்பிகை அன்று அடுப்பு மூட்டவில்லை.

அந்த அவதியிலும் பழக்கம் விடவில்லை. வாசிகசாலைப் பலகையில் ‘கிடாய் காணவில்லை. தியாகலிங்கம்’ என்று மட்டும் எழுதிவிட்டு வந்தார். நிறம் இல்லை, அடையாளம் இல்லை. பின்னேரத்துக்குள் ஊரில் அலைந்த கிடாயெல்லாம் அவர் முற்றத்துக்கு வந்து சேர்ந்து, ஞானாம்பிகையின் செவ்வந்தியைத் தின்றுகொண்டு நின்றன. அவருடையது மட்டும் இல்லை.

வேறு வழியில்லாமல் நமசிவாயத்தின் வீட்டுப் படலையைத் திறந்தார். அவன் கதிரை கொடுத்தான், பேனையை எடுத்தான். இவ்வளவு நாளும் வாங்கிக் கட்டினவன் விடுவானா? கறுப்பு நிறக் கறுத்தக் கிடாய் என்று எழுதட்டோ என்று மரியாதையாகக் கேட்டான். எழுதச் சொன்னார். இடப்பக்கத்து இடக்காது கிழிந்தது என்று? அதையும் எழுதச் சொன்னார்.

“ஆண் கிடாய்?”

“போடும் தம்பி.”

“உயிரோடை இருக்கிற...”

தியாகலிங்கம் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். “அதைப் போடும். ரெண்டு தரம் போடும், ராசா.”

நமசிவாயம் அதற்குப் பிறகு பகிடி விடவில்லை. அப்போதே சைக்கிளை எடுத்துக்கொண்டு யாழ்ப்பாணம் போய், செய்தியைப் பத்திரிகைக் கந்தோரில் கொடுத்துவிட்டு வந்தான்.

மறுநாள் வெயில் ஏற முதலே, உரும்பிராய்த் தோட்டக்காரன் பொன்னம்பலம் ஒரு கையில் பத்திரிகையும் மறுகையில் கயிறுமாக வந்து நின்றான். கயிற்றின் நுனியில் கிழிந்த காதோடு கிடாய். கிடாயைத் தெருவில் கண்ட நமசிவாயமும் பின்னாலேயே ஓடிவந்தான்.

பொன்னம்பலத்துக்குக் கோபம் தலைக்கேறியிருந்தது. “உங்கடை கிடாய் என்ரை முட்டைக்கோவாப் பாத்தி முழுவதையும், ஒண்டும் மிச்சமில்லாமல், எல்லாத்தையும் திண்டு முடிச்சுப்போட்டுது.”

நமசிவாயம் மூச்சை அடக்கிக்கொண்டு தியாகலிங்கத்தின் முகத்தைப் பார்த்தான். அவர் கிடாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நிலத்தில் இருந்தார்.

“ஓம் தம்பி,” என்றார். “முழுக்க, எல்லாத்தையும், ஒண்டும் விடாமல்தான் திண்டிருக்கும். பிள்ளைக்குப் பசிச்ச பசி.”