எலி எழுந்து நடந்த செய்தி

அக்கா ஆய்வுக்கூடத்தில் எலிகளோடு மாரடிப்பவள். எலி டாக்டர் என்று நான்தான் அவளுக்குப் பெயர் வைத்தேன். பள்ளிக்கூடம் முடிப்பதற்குள் என்னைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்த நோய்க்கு ஒரு மரபணுதான் காரணம். அதே மரபணுவைத்தான் அவள் எலிகளில் ஆராய்கிறாள்.

அன்று மத்தியானம் அவள் போனில் கத்தியது அடுத்த வீட்டுக்கே கேட்டிருக்கும்.

"அம்மா, எலி எழுந்து நடந்துடுச்சும்மா! படுத்துக் கிடந்ததெல்லாம் இப்ப சுத்தற உருளை மேல ஓடுது!"

அவ்வளவுதான், அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. தெரிந்தவர் தெரியாதவர் எல்லோருக்கும் சொன்னாள். சாயங்காலமே கடைக்குப் போய் எனக்கு ஷூ வாங்கி வந்தாள். நீல நிறம், நாடா வைத்தது.

"எலிக்கு ஒரு ஜோடி வாங்கலியா?" என்று கிண்டல் செய்தேன். ஆனால் பொய் சொல்வானேன், எனக்கும் ஆசை வந்துவிட்டது. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வாசலையே பார்த்திருந்தேன்.

உள்ளே வந்த அக்கா பெட்டியைப் பார்த்ததும் பேயறைந்த மாதிரி நின்றாள்.

"இவனுக்கு அந்த மருந்தை எப்படி குடுப்பே?" என்று கேட்டாள் அம்மா.

"குணமாக்குற மருந்துன்னு எதுவும் இல்லம்மா. அந்த எலிங்களைப் படுக்க வச்சதே நாங்கதான். மரபணுவுல ஒரு ஸ்விட்ச் வச்சிருந்தோம். குடிக்கிற தண்ணியில மருந்து கலந்தா மரபணு அணைஞ்சிடும், எலி படுத்துடும். வெறும் தண்ணி குடுத்தா திரும்ப வேலை செய்யும், எழுந்து ஓடும்."

"அப்ப இவனுக்கும் ஒரு ஸ்விட்ச் வைங்களேன்."

அக்கா அங்கே ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். ஆனால் கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொல்லியே பழகியவள்.

"இப்ப முடியாதும்மா. பொறக்கறதுக்கு முன்னாடியே, கருவா இருக்கும்போதே வச்சாத்தான் உண்டு. அதோட எலிக்கு நல்லா இருந்த மரபணுவை நாங்க அணைச்சோம். இவனுக்கு அதுவே பழுது."

பின்னால் சொன்னது எதுவும் அம்மாவின் காதில் ஏறவில்லை. கை தானாக வயிற்றுக்குப் போனது.

"அப்ப என் வயித்துல இருந்தப்பவே செஞ்சிருக்கணுமா? நான்தான் விட்டுட்டேனா?"

இந்தக் கேள்விக்குப் பயந்துதான் இத்தனை வருஷமும் நோய்ப் பேச்சு வந்தாலே சிரித்து மழுப்பிக்கொண்டிருந்தேன்.

"ஐயோ, அப்படியில்லம்மா," என்றாள் அக்கா. சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. என் மடியிலிருந்த பெட்டியை எடுத்தாள். தரையில் உட்கார்ந்து, என் கால்களைத் தன் மடியில் தூக்கி வைத்து, ஒவ்வொன்றாக ஷூவை மாட்டினாள். நாடாவை இழுத்து இழுத்து இறுக்கினாள்.

"வலிக்குதாடா?"

வலித்தது.

"இல்லம்மா," என்றேன். "அளவு சரியா இருக்கு."