நான்காவது பெயர்

சனிக்கிழமை காலை பொன்ராஜின் போனுக்கு அந்தச் செய்தி வந்தது. மந்தைவெளியில் அவர்களுடைய சபைக்கு அவர்தான் செயலாளர். அந்த வாரம் பிறந்தநாள் வருகிறவர்களின் பெயர்களை வாட்ஸ்அப்பில் வாங்கி, ஞாயிறு ஆராதனையில் வாசிப்பார். பெயர் வாசிக்கப்பட்டவர்கள் முன்னால் வந்து நிற்பார்கள். போதகர் தலையில் கைவைத்து ஜெபிப்பார்.

"நாளைக்கு என் மகளுக்கு ரெண்டு வயசு. ஜெபத்துக்குக் கூட்டிட்டு வரலாமாப்பா? சிந்து."

குழந்தையின் பெயர் அதில் இல்லை.

நான்கு வருடங்களுக்கு முன், வீட்டில் பார்த்த மாப்பிள்ளையோடு நடக்கவிருந்த சிந்துவின் கல்யாணத்துக்காகச் சபையில் பொன்ராஜே ஓலை வாசித்தார். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், ஆட்சேபம் இருந்தால் சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு அறிவிக்கும் வழக்கம் அது. இரண்டு ஓலை முடிந்த வாரத்தில் சிந்து வீட்டைவிட்டுப் போய், சைதாப்பேட்டை சக்திவேலைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். மூன்றாவது ஞாயிறு, அந்தத் திருமணம் நடக்காது என்று அறிவித்ததும் பொன்ராஜ்தான். அதன்பிறகு அவர் மகளோடு பேசவில்லை.

பதில் போடாமல் போனைக் கவிழ்த்து வைத்தார்.

மாலையில், மறுநாள் வாசிக்க வேண்டிய வேதபாடத்தைச் சத்தமாக வாசித்துப் பழகினார். ஓசியா தீர்க்கதரிசியின் பகுதி. தன்னை விட்டுப் போன ஜனத்தைப் பற்றிக் கடவுள் பேசுகிறார். கைபிடித்து நடை பழக்கியது நான்தான், அது அவர்களுக்குத் தெரியவில்லையே என்கிறார். கோபம் இருக்கிறது. ஆனால் கைவிட மனம் வரவில்லை. அந்த இடம் வரும்போதெல்லாம் பொன்ராஜ் திக்கினார்.

"நாலு தரம் ஆச்சு. ஓசியாவுக்கே மனப்பாடம் ஆயிருக்கும்" என்றாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்த மனைவி தங்கபுஷ்பம்.

"தொண்டை சரியில்ல."

"தொண்டையிலயா கோளாறு? வான்னு அவளுக்கு ஒரு வார்த்தை போட்டா என்னங்க?"

"கோயில் எல்லாருக்கும் பொது. நான் என்ன வாட்ச்மேனா?"

"வாட்ச்மேன் கேட்டையாவது திறந்து விடுவான்."

பேத்தியின் பெயர் தங்கபுஷ்பத்துக்குத் தெரியும். அப்பா கேட்டால் மட்டும் சொல் என்று சிந்து சொல்லியிருந்தாள். இரண்டு வருடமாக அவர் கேட்கவில்லை.

ஞாயிறு அவர் பட்டியலில் மூன்று பெயர்கள் இருந்தன. சிந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மடியில் குழந்தை, பக்கத்தில் சக்திவேல். பொன்ராஜ் பாடத்தை வாசித்தார். அதே இடத்தில் திக்கி, ஒருவழியாக முடித்து வந்து உட்கார்ந்தார்.

பக்கத்தில் இருந்த நண்பர் கருணாகரன் காதருகே குனிந்தார். "பின்னாடி யாருன்னு பாத்தியா? லிஸ்ட்ல பாப்பா இருக்கா?"

"இல்ல."

"ரெண்டு ஓலை வாசிச்ச வாய்தானே? இன்னொரு பேரு வாசிச்சா சுளுக்கிக்குமா?"

அறிவிப்பு நேரம் வந்தது. பொன்ராஜ் மூன்று பெயர்களையும் வாசித்தார். மூன்று குடும்பங்கள் எழுந்து வந்தன. இனி அவர் போதகருக்கு இடம் விட வேண்டும். விடவில்லை.

"இன்னும் ஒரு குழந்தை இருக்கு" என்றார் மைக்கில்.

சபை காத்திருந்தது. அவருக்குச் சொல்லப் பெயர் இல்லை. தாளைப் பார்த்தார். பிறகு கடைசி பெஞ்சைப் பார்த்தார்.

"சிந்து, பாப்பா பேரு எனக்குத் தெரியாதும்மா. சொல்லு."

சிந்து எழுந்தாள். அவள் சொன்னது முன்வரை வரவில்லை. அவளுக்கு முன்னால் இருந்த பெண் திரும்பிக் கேட்டு, தன் முன்னால் இருந்தவளிடம் சொன்னாள். "தீபிகாவாம்." அவள் அடுத்த வரிசைக்குச் சொன்னாள். பெஞ்ச் பெஞ்சாகப் பெயர் முன்னால் வந்தது. முதல் வரிசையில் தங்கபுஷ்பம் அதை வாங்கி, தெரியாததுபோல, கணவரிடம் சொன்னாள்.

பொன்ராஜ் பேனாவை எடுத்துத் தாளில் எழுதினார். பிறகு மற்றக் குழந்தைகளுக்கு வாசித்த முறையிலேயே வாசித்தார்.

"தீபிகா. சக்திவேல், சிந்து தம்பதியின் மகள்."

சக்திவேல் எழுவதா வேண்டாமா என்று தயங்கினான். கருணாகரன் அவனைக் கைகாட்டி அழைத்தார்.