ஆறு பத்து வண்டிக்கு யார்?

காலில் நரம்பு சுருட்டிக்கொண்டது, இனி நின்றபடி வேலை செய்யக் கூடாது என்று மருத்துவர் சொன்னதும், கண்டக்டரம்மா டிப்போவின் கணினிப் பிரிவுக்கு மனு எழுதினாள். அங்கே ஓர் இடம் காலி. அதிகாரி மனுவைப் படித்தார். சான்றிதழெல்லாம் வேண்டாம், சொந்தமாக ஒரு புரோகிராம் எழுதிக்கொண்டு வாருங்கள், இரண்டு வாரம் தருகிறேன் என்றார்.

எட்டு மாதமாக அவள் ஆன்லைனில் படித்துக்கொண்டிருந்தாள். கால்குலேட்டர் எழுதியிருந்தாள். மனசில் நினைத்த எண்ணைக் கண்டுபிடிக்கும் விளையாட்டு எழுதியிருந்தாள். வேலைப் பட்டியல் மட்டும் மூன்று விதமாக. எல்லாம் பாடத்தில் இருப்பவை.

கணினிக் கம்பெனியில் இருக்கும் தம்பியைப் போனில் பிடித்தாள். இதையெல்லாம் காட்டினால் சிரிப்பார்கள் என்றான். ஆன்லைன் கடை ஒன்று செய், பார்த்ததும் அசந்துபோவார்கள் என்றான்.

ஆறு நாள் செய்தாள். வேலை முடிந்து வந்து, காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு, இணையத்தில் கிடைத்த புரோகிராம் துண்டுகளை அங்கொன்றும் இங்கொன்றுமாக எடுத்து ஒட்டினாள். செருப்பு, குடை, கைக்கடிகாரம் எல்லாம் படத்தோடு வந்தன. ஏழாம் நாள் குடையை மட்டும் நீக்கலாம் என்று ஒரு வரியைத் தொட்டாள். கடையே காணாமல் போனது. ஏன் போனது என்று தெரியவில்லை. அதுவரை ஏன் ஓடியது என்றும் தெரியவில்லை.

மொத்தத்தையும் அழித்தாள்.

"உனக்குப் பைத்தியமாக்கா? இன்னும் ஒரு வாரந்தான் இருக்கு" என்றான் தம்பி.

"அவர் ஒரு கேள்வி கேட்டா திருதிருன்னு முழிப்பேன்டா. எனக்குத் தெரிஞ்சதுல ஒண்ணு செய்றேன்."

"உனக்கு என்ன தெரியும்? டிக்கெட் கிழிக்கத் தெரியும்."

"டூட்டி மாத்திக்கத் தெரியும்."

டிப்போவில் டூட்டி மாற்றிக்கொள்பவர்கள் ஒரு சீட்டு எழுதிப் பலகையில் குத்துவார்கள். வாங்கியவர் அதை இன்னொருவரிடம் தள்ளிவிட்டால், பழைய சீட்டின் மேலேயே புதுச் சீட்டு. போன மாதம் காலை ஆறு பத்து வண்டியை அவள் நெட்டையனுக்குக் கொடுத்தாள். நெட்டையன் தாடிக்காரரிடம் தள்ளினான். தாடிக்காரர் அதை அவள் தலையிலேயே கட்டிவிட்டு, சொல்ல மறந்துவிட்டார். வண்டி நாற்பது நிமிடம் நின்றது. மெமோ அவளுக்கு.

வண்டியைச் சொன்னால், யார் போக வேண்டும் என்று சொல்லவேண்டும். அவ்வளவுதான் புரோகிராம்.

நேரக்காப்பாளரிடம் கெஞ்சிப் பழைய சீட்டுகளை வாங்கினாள். குப்பைக்கு வந்த வாழ்வைப் பார் என்றார் அவர். நான்காம் நாள் புரோகிராம் ஓடியது. பத்து வண்டி கேட்டாள், பத்தும் சரி. தன் ஆறு பத்தைக் கேட்டாள். திரை அசையவில்லை. அவள், நெட்டையன், தாடிக்காரர், மறுபடி அவள், மறுபடி நெட்டையன் என்று உள்ளே செக்குமாடாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

தம்பியைக் கூப்பிடவில்லை. தாளில் வரைந்து பார்த்தாள். இரண்டு நாள் ஆனது. சீட்டுகள் குத்திய வரிசைப்படி எண் போட்டு, ஒரு சீட்டை ஒரு முறைக்கு மேல் படிக்காதே என்று எழுதினாள். இப்போது திரையில் ஒரு பெயர் வந்தது. அவளுடையது. மெமோ சரிதான்.

கெடு முடிந்த அன்று அதிகாரியிடம் கொண்டுபோய்க் காட்டினாள். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. படமே இல்லையா என்றார் அதிகாரி. இல்லை என்றாள். ஒவ்வொரு வரியாக விரலை வைத்துக் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் சொன்னாள்.

"சரி. கடைசிச் சீட்டுல பேர் இருக்கறவர் அன்னைக்கு லீவுன்னா?"

அதை அவள் யோசிக்கவே இல்லை.

"தெரியலை சார். ஒரு மணி நேரம் குடுங்க."

"திங்கக்கிழமை கொண்டாங்களேன்."

"இல்ல சார், இப்பவே."

ஒன்றரை மணி நேரம் ஆனது. இரண்டு முறை தப்பாக வந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திருத்தினாள். மூன்றாம் முறை, லீவில் இருப்பவரின் டூட்டி அதைக் கொடுத்தவரிடமே திரும்பியது.

அதிகாரி மனுவில் கையெழுத்துப் போட்டார். மூன்று மாதம் பார்க்கலாம் என்றார். அவள் நன்றி சொன்னாள். அப்புறம், அவர் அரை நாள் மட்டும் லீவு என்றால் டூட்டி யாருக்குப் போகவேண்டும் என்று கேட்டாள்.