மூன்று முறை கூப்பிடலாம்

இறந்தவரைப் பதினாறு நாளுக்குள் கூப்பிட்டுப் பதிந்துகொள்ள வேண்டும். தவறினால் அவர் பொதுவில் சேர்க்கப்படுவார். பொதுவில் சேர்ந்தவர் வீட்டாரின் நினைவில் இருக்க மாட்டார். எதிர்வீட்டில் அப்படித்தான் ஆயிற்று. அங்கே மாலை போட்ட படம் ஒன்று தொங்குகிறது. யார் என்று கேட்டால், கண்ணாடிச் சட்டத்தோடு வந்தவர் என்கிறார்கள்.

பதினைந்தாம் நாள் காலை சொர்ணக்கிளி மகள் மாலதியோடு அலுவலகத்துக்குப் போனாள். இறந்தவர் சொர்ணக்கிளியின் கணவர். நகராட்சியில் தெருத் தெருவாகத் தண்ணீர் திறந்துவிட்டவர். முப்பது வருடம்.

தாழ்வாரம் நடக்க நடக்க நீண்டது. சொர்ணக்கிளி கால் வலித்து நின்றாள். நின்றதும் அலுவலகம் வந்துவிட்டது.

எழுத்தருக்குப் பின்னால் ஒரு கூடம். அதில் ஐந்நூறு ஆண்கள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள்.

"மூணு தடவை கூப்பிடலாம். ஒருத்தர் மட்டும் திரும்பணும்" என்றார் எழுத்தர்.

"முதுகைப் பார்த்தே சொல்லிருவேன் சார்."

"எல்லாம் ஒரே அளவும்மா. அரசாங்க முதுகு."

மாலதி முந்திக்கொண்டாள். "அப்பா!"

ஐந்நூறு பேரும் திரும்பினார்கள். கல்யாணமே ஆகாதவர்கள்கூட. யாருக்கும் முகம் இல்லை. பதியும்வரை முகம் கொடுப்பதில்லை.

எழுத்தர் மாலதியை வெளியே நிற்கச் சொன்னார். அவள் போகும்போது சொர்ணக்கிளி அவள் சடையைப் பார்த்தாள். சொர்ணக்கிளிக்குக் கை முறிந்த வருடம் கணவர்தான் மகளுக்குச் சடை பின்னினார். ஒழுகாமலிருக்கக் குழாய் மரைக்குச் சணல் சுற்றுகிற மாதிரி இறுக்கிப் பின்னுவார். பள்ளிக்கூடம் விட்டு வரும்வரை பிள்ளைக்குப் புருவம் இறங்காது.

சொர்ணக்கிளி மெதுவாகக் கூப்பிட்டாள். "என்னங்க."

ஐந்நூறு பேரும் திரும்பினார்கள். வீட்டில் மனைவிக்குச் சொல்கிற மாதிரி "என்னளா?" என்றார் எழுத்தரும். பிறகு கொஞ்ச நேரம் பேனா மூடியைத் தேடினார்.

"இன்னும் ஒண்ணுதான் இருக்கு. பேரைச் சொல்லுங்க."

"சொன்னதில்லையே சார்."

"எத்தனை வருஷமா?"

"முப்பத்திநாலு."

"ரேஷன் கடையில?"

"மக சொல்லுவா."

"மக பொறக்குமுந்தி?"

"அட்டையை நீட்டிருவேன்."

திருச்செந்தூர்க் கூட்டத்தில் ஒருமுறை அவர் தொலைந்துபோனார். ஒலிபெருக்கிக்காரர் பெயர் கேட்டார். அவள் தன் பெயரைக் கொடுத்தாள். சொர்ணக்கிளி எங்கிருந்தாலும் உடனே வரவும் என்று அறிவித்தார்கள். அவர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து நின்றார். "சொர்ணக்கிளி வந்துட்டேன்" என்றார். ஊர் திரும்பும்வரை சிரித்துக்கொண்டே இருந்தார்.

"பேரைச் சொன்னா பேருக்குரியவர்தான் வருவார். உங்க வீட்டுக்காரரா வர மாட்டார். பரவாயில்லையா?" என்று எழுத்தர் கேட்டார்.

"எங்களுக்கு மறந்துபோகக் கூடாது சார். அது போதும்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"திரவியம்."

ஒருவர் மட்டும் திரும்பினார். அவருக்கு முகம் வந்தது. மூக்கில் அம்மைத் தழும்பு வந்தது. எழுத்தர் முத்திரை குத்தினார்.

திரவியம் எழுந்து வந்தார். தோள் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் எல்லோரும் தெருவில் தண்ணீர் வராதவர்கள்.

"சொல்லுங்கம்மா. எந்தத் தெருவுல வரல?"

அவள் தெருவைச் சொன்னாள்.

"அது எங்க தெருதாம்மா. கடைசியாத்தான் திறப்பேன். மொதல்ல திறந்தா ஊரு ஒரு மாதிரி பேசும். அவசரம்னா எங்க வீட்டுல கேளுங்க. சொர்ணக்கிளின்னு கூப்பிட்டா வருவா."

"தருவாளா?"

"குடிக்க வச்சிருக்கிறதையும் தந்துருவா. என்கிட்ட ரெண்டு வார்த்தை ஏசுவா. உங்ககிட்ட ஏச மாட்டா. அப்படி ஒருத்தி."

"அவகிட்ட ஏதும் சொல்லணுமா?"

திரவியம் யோசித்தார்.

"வேணாம்மா. சாயங்காலம் நானே போயிருவேன்."

அவர் மறுபடி சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

மாலதி தாழ்வாரத்தில் காத்திருந்தாள்.

"அப்பா உன்னையப் பாத்தாராம்மா?"

"பாத்தாரு."

"என்ன சொன்னாரு?"

"ஒருத்தியைப் பத்தி ரொம்ப நல்லாச் சொன்னாரு" என்றாள் சொர்ணக்கிளி.