சொல்லிவிட்டுப் போன திசை

வினோதன் இரண்டாவது கானிலும் படகு இஞ்சினுக்கான மண்ணெண்ணெயை ஊற்றி முடித்துவிட்டுத் தங்கை தயாளினியை நிமிர்ந்து பார்த்தான்.

"மாத்தளனுக்கு நேர வெளிய எண்டுதானே மச்சான் சொன்னவர்?"

தயாளினி ஓம் என்று சொல்ல வாயெடுத்தாள். சுமனின் மனைவி பிரஷாந்தினி முந்திக்கொண்டாள்.

"இல்லையண்ணா. நாயாத்துக்கு நேர எண்டு இவர் எனக்குச் சொன்னவர்."

ஒரே படகில் போன இரண்டு பேர், வீட்டில் ஆளுக்கொரு கடலைச் சொல்லியிருந்தார்கள். மாத்தளன் முல்லைத்தீவுக்கு வடக்கே, நாயாறு தெற்கே. தயாளினியின் கணவன் செந்தூரனும் சுமனும் வாள்மீனுக்காக நேற்றுப் பின்னேரம் வெளிக்கடலுக்கு இறங்கியவர்கள். விடியக் கரையில் நின்றிருக்க வேண்டும். வெயில் ஏறியும் காணவில்லை. போன் எடுபடாத தூரம். கடற்படைக்கு அறிவித்தாயிற்று. ஆனால் அவர்கள் வரும்வரை யாருக்குப் பொறுமை இருக்கிறது? காற்று ஏறிவிட்டதால் சின்னப் படகோடு போகத் துணிந்தவன் வினோதன் ஒருவன்தான். அவனிடமிருந்த எண்ணெயும் ஒரு பக்கம் தேடிவரத்தான் போதும்.

கடலுக்குப் போகிறவனிடம் எங்கே என்று கேட்கக்கூடாது, கேட்டால் போன காரியம் உருப்படாது என்பார்கள். கேட்டாலும் உண்மை வராது. மீன் பட்ட இடத்தை இந்தக் கரையில் ஒருவனும் கூடப்பிறந்தவனுக்குக்கூடச் சொல்லமாட்டான். செந்தூரன் பொறுப்பானவன். வாள்மீன் ராவில்தான் மேலே வரும் என்று விளக்குக்கு இரண்டு பற்றரி, லைஃப் ஜக்கெற், பொலித்தீனில் சுற்றிய போன் என்று பார்த்துப் பார்த்து ஏற்றினான். கரையில் ஒருவருக்காவது திசை தெரிந்திருக்க வேண்டும் என்று மீனவர் சங்கத்தில் சொன்னதற்காக, அதையும் அவளிடம் சொல்லிவிட்டுப் போனான். தன்னை நம்பிச் சொன்னானே என்று அவளுக்கு இரவெல்லாம் ஒரு பெருமை.

இப்போது அந்தப் பெருமையில் சந்தேகம் விழுந்தது. செந்தூரன் சொன்னபோது வேலிக்கு அந்தப்புறம் வினோதன் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். செந்தூரனின் குரலும் நேற்றுக் கொஞ்சம் உரக்கத்தான் இருந்தது. கட்டியவளுக்குச் சொன்னானா, மச்சானுக்குக் கேட்கட்டும் என்று சொன்னானா?

இதை வினோதனிடமே சொல்ல வேண்டும். உயிரைப் பணயம் வைத்துத் தேடப் போகிற அண்ணனிடம், உன்னை அவர் நம்பவில்லை என்று எந்த வாயால் சொல்வது? சொல்லாவிட்டால் படகு வடக்கே போய்விடும்.

"அண்ணா, நாயாத்துப் பக்கம் போங்கோ."

"ஏன்? அவர் உனக்குச் சொன்னது எனக்கும் கேட்டதுதானே."

"அதாலதான் சொல்லுறன். நீங்கள் நிண்டபடியாலதான் அவர் மாத்தளன் எண்டவர்."

வினோதன் கானின் மூடியை இறுக்கினான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"நானும் அப்பிடித்தான் சொல்லியிருப்பன்."

நின்றவர்கள் கைகொடுத்துத் தள்ளினார்கள். படகு இரண்டு அலையை ஏறிக் கடந்து தெற்கே திரும்பியது. தயாளினிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

பிரஷாந்தினி பக்கத்தில் வந்து அவளுடைய கையைப் பிடித்தாள்.

"அக்கா, இவர் எனக்குச் சொல்லேக்க, இவரின்ர தமையனும் முற்றத்தில நிண்டவர்."

தயாளினி முழங்காலளவு தண்ணீருக்குள் ஓடிப்போய், கூப்பிட்டுக்கொண்டே கையை உயர்த்தினாள். வினோதன் திரும்பிப் பார்த்து இஞ்சினைத் தணித்தான். எந்தப் பக்கம் என்று கையால் கேட்டான். உயர்த்திய கை அவளுக்கு எந்தப் பக்கமும் சாயவில்லை.