முக்கியமில்லை

இருபத்திரண்டு பஸ் ஓட்டுநர்கள், இரண்டே கேள்விகள். வாரத்தில் எத்தனை மணி நேரம் கூடுதல் டூட்டி? எத்தனை முறை ஸ்டியரிங்கில் கண் அசந்தீர்கள்? பெயர் எழுத வேண்டாம் என்று சொல்லித்தான் ஆய்வுக்காரி காகிதம் கொடுத்திருந்தாள். ஆனாலும் முப்பத்தொரு மணி நேரம் என்றிருந்த காகிதம் யாருடையது என்று அவளுக்குத் தெரியாதா என்ன? அந்தப் பணிமனையில் அப்படி மாடாய் உழைக்கிற ஒரே ஆள் அவள் கூடப்பிறந்த அண்ணன். கண் அசந்த இடத்தில் பூஜ்யம் போட்டிருந்தான்.

அண்டப்புளுகு! போன வாரம்தான் அண்ணி, "உங்கண்ணன் சோத்துல கை வச்சபடியே தூங்கிடறாரு" என்று அழுதாள்.

கணக்குப் போட்டாள். டூட்டி ஏற ஏறக் கண் அசருவதும் ஏறியது, ஒட்டுறவு 0.41. இது தற்செயலாக வந்திருக்குமோ என்று சோதித்தால் விடை 0.058. 0.05-க்குக் கீழே வந்தால்தான் கணக்கு செல்லும், அதுதான் எல்லைக்கோடு. மயிரிழையில் போயிற்று. அண்ணனின் பூஜ்யத்தை ஐந்தாக்கினால் கோட்டுக்குக் கீழே இறங்கிவிடும். விரல் விசைப்பலகைவரை போய்த் திரும்பியது. பொய்யைப் பொய்யால் திருத்த அவளுக்கு மனசு வரவில்லை. "புள்ளியியல்படி முக்கியத்துவம் இல்லை. ஆட்கள் குறைவு, மறுபடி ஆராய வேண்டும்" என்று எழுதிக் கொடுத்தாள்.

மேலாளர் முதல் வாக்கியத்தோடு நிறுத்திக்கொண்டார்.

"முக்கியமில்லைன்னு நீங்களே எழுதிட்டீங்களேம்மா!"

"சார், ஆபத்து இல்லைன்னு அதுக்கு அர்த்தமில்ல. இத்தனை பேரை வச்சு உறுதியா சொல்ல முடியலைன்னுதான்..."

"முக்கியமில்லாததுக்கு நான் ஏம்மா மண்டையை உடைச்சுக்கணும்?"

எல்லோருக்கும் இரட்டை டூட்டி என்ற அறிவிப்பு மத்தியானமே சுவரில் ஏறியது. அவள் ஓடிப்போய் அண்ணன் பஸ்ஸில் ஏறி, அவன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். பஸ் நிறையக் கூட்டம்.

"ஏண்ணா பூஜ்யம் போட்டே?"

"உண்மையைப் போட்டா வண்டியைப் பிடுங்கிடுவாங்க. போடி, பெரிய ஆராய்ச்சிக்காரி!" என்று சிரித்தான். கண்கள் இரண்டும் சிவந்திருந்தன.

அவன் தூங்கிவிடக் கூடாதே என்று வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வந்தாள். பிள்ளைகள் படிப்பு, அண்ணியின் முதுகுவலி, வீட்டில் ஒழுகுகிற குழாய். அவனும் "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டு வந்தான். பாலத்துக்கு முன்னால் இறக்கம் வந்தது.

"குழாயை எப்பண்ணா சரி பண்ணப் போறே?"

பதில் இல்லை.

"அண்ணா?"

பஸ்ஸின் வேகம் கூடிக்கொண்டே போனது.